தோம்பு இருக்கும் ஊர்

2017ல் அம்மாவை முதல்முறை ஐரோப்பா பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். லண்டனிலிருந்து பஸ்ஸில் 9 நாள், 6 நாடு. பாரிஸ், பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், லூசேர்ன், வெனிஸ். ஒவ்வொரு விடியலிலும் 6 மணிக்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். ஈபிள் கோபுரத்தடியில் 40 நிமிடம் தந்தார்கள். மேலே ஏறும் வரிசையில் நிற்கவே அந்த நேரம் போதாது. கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தோம். திரும்பி வந்த கிழமை சின்னம்மா தொலைபேசியில் கேட்டார், "எந்த ஊர் அக்கா உங்களுக்குப் பிடிச்சது?" அம்மா கொஞ்சம் யோசித்தார். "பஸ் யன்னலுக்காலை பாத்தால் எல்லா ஊரும் ஒண்டுதான்" என்றார்.

அந்தப் பதில் ஏழு வருடம் எனக்குள் கிடந்தது. 2024 ஏப்ரலில் லீவு கிடைத்தபோது ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன்: ஒரே ஊர், 7 இரவு, பெட்டியை ஒரு தடவைதான் திறப்பது, ஒரு தடவைதான் கட்டுவது.

எந்த ஊர் என்பதுதான் மிச்சம். நண்பர்கள் சொன்ன பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ரோம், பார்சிலோனா, பிராக், வியன்னா, புடாபெஸ்ட். பிராக் நான் தனியாகப் போய்வந்த ஊர். சார்ல்ஸ் பாலத்தை விடியற்காலையில் பார்க்கக் கண் கோடி வேண்டும், பத்து மணிக்குப் போனால் முன்னால் நடப்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வியன்னா போல ஒரு ஊர் கிடையாது. தரை மட்டமானது, எங்கு போவதானாலும் பக்கத்தில் ட்ராம். அம்மாவுக்கு 72 வயது. நியாயமாகப் பார்த்தால் வியன்னாதான் போயிருக்க வேண்டும்.

லிஸ்பன் என்று தீர்மானமானதற்குக் காரணம் வேலையிடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் போர்த்துக்கேயப் பெண். மதிய இடைவேளையில் தன் தாயோடு தொலைபேசியில் கதைப்பாள். ஒருநாள் அந்தக் கதைக்குள் 'ஜனெலா' என்ற சொல் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் 'மேசா'. பிறகு 'கதேய்ரா'. கதைத்து முடித்ததும் போய் அர்த்தம் கேட்டேன். ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள். யன்னல். மேசை. கதிரை.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், யாழ்ப்பாணத்துத் தமிழில் போர்த்துக்கேயச் சொற்கள் இருக்கின்றன என்று. ஆனால் அதைப் பேசும் ஒருத்தியின் வாயிலிருந்து, அவள் தாய்க்குச் சொல்லும் வீட்டுக் கதையாகக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அன்றிரவே விமானச்சீட்டு எடுத்தேன்.

லிஸ்பன் தேஜோ ஆறு கடலில் சேரும் இடத்தில், குன்றுகளின் மேல் இருக்கும் ஊர். ஏழு குன்று என்று சொல்வார்கள், நடப்பவருக்கு அதைவிட அதிகமாகத்தான் தோன்றும். நாங்கள் தங்கியது குன்றுகளுக்கு நடுவில் மட்டமாகக் கிடக்கும் பைஷா பகுதியில், ஒரு சின்ன விடுதியில். வயதானவர்களோடு போகிறவர்கள் அங்கேயே தங்குங்கள். மேலே தங்கினால் காட்சி அழகுதான், ஆனால் ஒவ்வொரு இரவும் களைத்த காலோடு ஏற வேண்டும்.

விடுதி இருந்த தெருவின் பெயர்ப்பலகையை அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார். "சப்பத்தேய்ரோஸ்... என்ன பிள்ளை, சப்பாத்துத் தெருவோ?" அதேதான். ருவா டோஸ் சப்பத்தேய்ரோஸ், சப்பாத்துத் தைப்பவர்களின் தெரு. போர்த்துக்கேய மொழியில் சொல்லின் கடைசியில் வரும் 'ஒ' பேச்சில் 'உ' போலத்தான் ஒலிக்கும். அதனால் அவர்கள் 'சபாத்து' என்று சொல்லும்போது எங்கள் ஊர் ஆள் யாரோ சொல்வதுபோல இருக்கிறது.

சுற்றியுள்ள தெருக்களும் அப்படித் தொழில்களின் பெயரில்தான். தங்கத் தெரு, வெள்ளித் தெரு, துணிக்காரர் தெரு, சேணம் தைப்பவர் தெரு. எல்லாம் நேர்கோடாக, சதுரங்கப் பலகை மாதிரி. பழைய ஊர் ஒன்று இவ்வளவு ஒழுங்காக இருப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய அழிவு இருக்கிறது.

1755 நவம்பர் 1. சகல புனிதர்கள் திருநாள். காலை 9.40 அளவில், கோயில்கள் நிறைந்து மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்த நேரம், நிலம் ஆடியது. தப்பியவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி அடிநிலம் தெரிந்ததாம். பிறகு அலை வந்தது. அதன்பின் மெழுகுதிரிகளாலும் அடுப்புகளாலும் பிடித்த தீ நாட்கணக்கில் எரிந்தது. இறந்தவர்கள் 30,000க்கும் 50,000க்கும் இடையில் என்பது பலரும் சொல்லும் கணக்கு.

இதை அம்மாவுக்கு ஆற்றங்கரைச் சதுக்கத்தில், அரசன் முதலாம் ஜோசேயின் சிலைக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். கடல் உள்வாங்கியது என்று சொன்ன இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தார். "2004ல முல்லைத்தீவிலயும் அப்பிடித்தான் பிள்ளை, கடல் உள்ளுக்கை போனதைப் பாக்கப் போன சனம்தான் கூடச் செத்தது." கொஞ்ச நேரம் இருவரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சிலையிலிருக்கும் அரசன் உயிர் தப்பியவன். ஆனால் அதற்குப் பிறகு கல்லால் கட்டிய கூரைக்குக் கீழே தூங்க அவனுக்கு மனம் வரவில்லை. அஜூடா குன்றில் மரத்தால் கட்டிய மாளிகையில்தான் கடைசிவரை வாழ்ந்தான். ஊரைத் திரும்பக் கட்டியவர் அவனுடைய அமைச்சர், பின்னாளில் போம்பால் பிரபு என்று பெயர்பெற்றவர். அவருக்குக் கீழே திட்டம் போட்டவர் மானுவல் டா மாயா என்ற பொறியியலாளர். அப்போது அவருக்கு 78 வயது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

புதிய வீடுகளின் சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் வைத்துக் கூண்டு மாதிரிக் கட்டினார்கள். நிலம் ஆடினால் சுவர் உதிரலாம், கூண்டு நிற்கும். மாதிரிக்கு ஒன்றைக் கட்டி, சிப்பாய்களை அதைச் சுற்றி அணிவகுத்து நடக்கவைத்து, அதிர்வைத் தாங்குகிறதா என்று பார்த்தார்களாம். நாங்கள் தூங்கிய விடுதிச் சுவருக்குள்ளும் அந்தக் கூண்டு இருக்கக்கூடும் என்ற நினைப்போடு படுத்தேன்.

குன்றுகளை எப்படி ஏறுவது என்று பலர் கேட்பார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். துணிக்காரர் தெருவில், சாதாரணக் கட்டடம் ஒன்றுக்குள், நகரசபை நடத்தும் இலவச லிப்ட் இருக்கிறது. அதில் ஏறி இறங்கி, சின்னச் சதுக்கத்தைத் தாண்டி, இன்னொரு கட்டடத்தின் லிப்டில் ஏறினால் சாவோ ஜோர்ஜ் கோட்டைக்குக் கிட்டப் போய்விடலாம். மறுபக்கம் ஷியாடோ பகுதிக்குப் போக, பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்தின் கீழ்வாசலால் நுழைந்து, நகரும் படிகளில் ஏறி மேல்வாசலால் வெளியே வந்துவிடலாம். அந்தச் சிறிய மலையை ஏறிய களைப்பே இருக்காது. 28ஆம் இலக்க மஞ்சள் ட்ராம் எல்லாப் படங்களிலும் வருவது. அழகானது, நெரிசலும் பிக்பாக்கெட்டும் நிறைந்தது. மார்ட்டிம் மோனிஸில் வரிசை நிற்பதைவிட, மறுமுனையான காம்போ டி ஓரிக்கில் ஏறினால் இருக்க இடம் கிடைக்கும். நடைபாதைகள் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கறுப்புக்கல்லும் பதித்துக் கோலம் போட்டவை. எங்கள் ஊர் முற்றத்துக் கோலம் போல அம்மா குனிந்து குனிந்து பார்த்தார். மழை பெய்தால் அதே கல் வழுக்கும், ஆகவே அடிப்பிடிப்புள்ள சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள்.

ரெஸ்டவுரதோரேஸிலிருந்து மேலே போகும் குளோரியா கேபிள் ட்ராமிலும் ஏறினோம். 1885லிருந்து ஓடியது. அம்மா சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தது அதில்தான். 2025 செப்டம்பர் 3ஆம் திகதி இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் கேபிள் அறுந்து, அந்தச் சரிவிலேயே ஒரு பெட்டி மோதி நொறுங்கி, 16 பேர் இறந்தார்கள். செய்தியைக் கேட்டதும் நான் முதலில் தேடியது அம்மா அதன் மர வாங்கில் இருந்து சிரிக்கும் படத்தைத்தான். அந்தப் படத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

வாங்கு என்றதும் நினைவு வருகிறது. அதுவும் அவர்களுடைய 'பாங்கோ'தான். லிஸ்பனில் அம்மாவுக்கு வந்த பெரிய சந்தோஷமே இந்தச் சொல்வேட்டை. சாப்பாட்டுக் கடையில் பாண் கொண்டுவந்து வைத்தவர் 'பாவ்ங்' என்று மூக்கால் சொன்னார். அம்மா "பாண்" என்றார். அவர் தலையாட்டினார். பாத்திரக் கடையில் தாச்சி, 'தாஷு'. கட்டில்விரிப்புக் கடையில் துவாய், 'துவாலியா'. குசினி, 'குசின்யா'. அலுமாரி, 'அர்மாரியு'. விசுக்கோத்து, 'பிஷ்கோய்த்து'. சட்டைக் கடையில் களிசான்கூட அவர்களுடைய 'கல்சாவ்ங்' என்ற சொல்லின் மருமகன். எங்கள் வீட்டில் இருந்த எத்தனை பொருட்கள் அவர்கள் பெயர் வைத்தவை என்று எண்ணிக்கொண்டே நடந்தோம்.

ஒருநாள் துணிக்காரர் தெருவில் வயதான ஒருவரின் கடைக்குப் போனோம். வடக்கு மின்யோ பக்கத்துக் கைக்குட்டைகள் தொங்கின. முன்பு பெண்பிள்ளைகள் தாங்கள் விரும்பும் ஆணுக்குப் பூவும் பறவையும் காதல்வரிகளும் தைத்துக் கொடுப்பார்களாம். அம்மா ஒன்றைத் தொட்டு, என்னைப் பார்த்து, "நல்ல லேஞ்சி" என்றார். கடைக்காரர் நிமிர்ந்தார். "லேன்சு," என்றார். "லேஞ்சி," என்றார் அம்மா. அவர் எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சிலோன் என்று சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து ஏதோ நீளமாகச் சொன்னார், எனக்கு விளங்கவில்லை. இரண்டு லேஞ்சி வாங்கினோம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. அவர்களுடைய தேசிய உணவு 'பக்கல்யாவ்' என்ற உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன். ஆர்சனல் தெருக் கடைகளில் பலகை அடுக்கினமாதிரி அடுக்கியிருக்கும், வாசம் தெருமுனைக்கே வரும். கருவாட்டில் வளர்ந்த எங்களுக்கு அது வீட்டு வாசம். அதில் செய்யும் பொரியல் எங்கள் மீன் கட்லட்டுக்கு மூத்த அக்கா. சைவக்காரருக்கு லிஸ்பன் சற்றுச் சிரமம்தான், ஆனால் மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத்தியர் கட்டிய ராதா கிருஷ்ணர் கோயிலில் சைவச் சாப்பாட்டுக் கூடம் உண்டு. இன்னொன்று, மேசையில் நீங்கள் கேட்காமலே பாண், ஒலிவ்காய், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசமில்லை, தொட்டால் காசு. வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

அல்ஃபாமாவுக்கு ஒரு முழு நாள் வைத்தோம். நிலநடுக்கத்தில் பெரிதாக விழாமல் தப்பிய பழைய குடியிருப்பு அது. அராபியர் காலத்துப் பெயர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய ஒழுங்கைகள், யன்னலுக்கு யன்னல் கட்டிய உடுப்புக்கொடி, படிக்கட்டில் கதிரை போட்டு இருக்கும் கிழவிகள். சில சுவர்களில் வாடகை உயர்வுக்கு எதிராக எழுதியிருந்தார்கள். உல்லாசப் பயணிகளுக்கு வீடுகள் போனதால் அங்கேயே பிறந்தவர்கள் வெளியேறுகிறார்கள். வீட்டை விட்டு வெளியேறுவது என்னவென்று எங்களுக்குத் தெரியும், அதனால் அந்த எழுத்துகளைப் படம் எடுக்கவில்லை. விடுதியில் தங்கியதும் அதற்காகத்தான், யாரோ குடியிருந்த வீட்டை நாட்கணக்கில் வாடகைக்கு எடுக்க மனமில்லை. ஊருக்கு ஒரு சிறு வரியும் கட்டுகிறோம். அப்போது தலைக்கு ஓர் இரவுக்கு 2 யூரோ, 2024 செப்டம்பரிலிருந்து 4.

அல்ஃபாமாவின் ஓரத்தில், சே பேராலயத்துக்குக் கீழே, ஒரு சின்னக் கோயில். அந்தோனியார் பிறந்த இடம் என்று அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். எங்கள் சனம் அவரைப் பதுவை அந்தோனியார் என்கிறது, கச்சதீவிலும் கொச்சிக்கடையிலும் உவரியிலும் போய்க் கும்பிடுகிறது. பதுவை அவர் இறந்த ஊர்ப்பக்கம், பிறந்தது லிஸ்பனில், 1195 அளவில். ஜூன் 12 இரவு முழு ஊரும் தெருவில் மத்தி மீன் சுட்டு அவர் பெருவிழாவைக் கொண்டாடும்.

நாங்கள் சைவம். ஆனாலும் அம்மா ஊரில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவர். "துலைஞ்ச சாமானை எடுத்துத் தாறவர்" என்பது அம்மாவின் நம்பிக்கை. நிலவறைக்குப் படியிறங்கிப் போய், அவர் பிறந்ததாகச் சொல்லும் இடத்தில் கனநேரம் நின்றார். என்ன கேட்டீர்கள் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றார்.

அன்றிரவு ஒரு தவறணையில் ஃபாடோ என்ற அவர்களுடைய சோகப்பாட்டைக் கேட்டோம். தவறணையும் அவர்கள் தந்த சொல்தான். இருபது பேர் இருக்கக்கூடிய அறை, ஒலிவாங்கி கிடையாது. விளக்கைக் குறைத்தார்கள், கரண்டிச் சத்தமும் நின்றது. பாடும்போது பேசுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. பன்னிரண்டு தந்திகள் கொண்ட, பேரிக்காய் வடிவப் போர்த்துக்கேய கித்தார் ஒன்று, சாதாரண கித்தார் ஒன்று. கறுப்புச் சால்வை போட்ட நடுவயதுப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரு சொல் விளங்காமலே நான் முழுவதும் கேட்டேன்.

பெலெம் போன நாள்தான் கடினமான நாள்.

அங்கே ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கிறது. 1501ல் கட்டத் தொடங்கியது. கல்லைக் கயிறாக முறுக்கியும், பவளமாகவும் பாசியாகவும் செதுக்கியும், கடலையே கோயிலுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் பார்த்த கல்வேலைகளில் அதற்கு ஈடாகச் சொல்ல எங்கள் தென்னிந்தியக் கோயில்கள் மட்டும்தான். கட்டிய காசு எங்கிருந்து வந்தது? ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகள் மேல் போட்ட வரி. மிளகு வரி என்றே அதைச் சொல்வார்கள். வாசலில் நுழைந்ததும் ஒருபக்கம் வாஸ்கோ டகாமாவின் கல்லறை, மறுபக்கம் கவிஞர் கமோயன்ஸின் கல்லறை. கமோயன்ஸ் பாடிய காவியத்தின் முதற்பாட்டிலேயே இலங்கையின் பழம்பெயர் வருகிறது, தப்ரபேனுக்கு அப்பாலும் கடலில் போனவர்கள் என்று.

அம்மா டகாமாவின் கல்லறை முன்னால் நின்று, கை கட்டிக்கொண்டு கேட்டார். "இவையள்தானே பிள்ளை நல்லூரை இடிச்சவை?"

ஓம் என்றேன். டகாமா காலத்துக்கு ஒரு நூற்றாண்டு பிந்தி. 1505ல் இலங்கைக்கு வந்தார்கள், கறுவாவுக்காக. 1619ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலி குமாரனை கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621ல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். 1658ல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தும்வரை இருந்தார்கள். நாற்பது வருடம்கூட இல்லை, அதற்குள் எங்கள் வாயில் இத்தனை சொற்களை விட்டுப் போய்விட்டார்கள். லேஞ்சி விற்ற மனிதரின் முகமும், இடிந்த கோயிலும் ஒரே நேரத்தில் மனதில் நின்றன. இரண்டையும் கூட்டிக் கழிக்க எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. கரையில் 1960ல் நிறுத்திய கண்டுபிடிப்புகளின் நினைவுத்தூண் அருகே அம்மா வரவில்லை. "நீ போய்ப் பாத்திட்டு வா" என்று மர நிழலில் இருந்துவிட்டார்.

மடாலயத்தின் மேற்குச் சிறகில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். 1554ல் லிஸ்பனிலேயே அச்சிட்ட, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கொண்ட சமயப் பாடநூல் ஒன்றின் பிரதி அதற்குச் சொந்தமானது. தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் 1578ல் கொல்லத்தில்தான் வந்தது, ஆனால் தமிழ் முதலில் அச்சு ஏறியது இந்த ஊரில். அதைப் பார்க்கவேண்டும் என்று ஆசையோடு போனேன். திருத்தவேலைக்காக மூடியிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பக்கத்தில்தான் 1837லிருந்து முட்டைப் பாகு பலகாரம் சுடும் கடை. மடாலயங்களை 1834ல் அரசு மூடியபோது துறவிகளின் கைப்பக்குவம் வெளியே வந்தது என்பது கதை. சுடச்சுடத் தந்து, மேலே தூவிக்கொள்ள ஒரு தூள் குப்பியும் வைப்பார்கள். அம்மா குப்பியைத் திறந்து மணந்து பார்த்தார். "கறுவா," என்றார். பிறகு நன்றாகத் தூவி இரண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 25 வியாழக்கிழமை. நான் திகதியைப் பார்த்துத்தான் பயணத்தை வைத்தேன். 1974ல் அந்த நாளில், ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நடந்த முடிவில்லாத யுத்தங்களில் சலித்த இளம் அதிகாரிகள், 1926லிருந்து இருந்த சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். பிரதமர் மார்செலோ கைத்தானோ கார்மோ படைமுகாமில் ஒளிந்திருந்தார், மாலையில் சரணடைந்தார். தெருவுக்கு வந்த சனம் சிப்பாய்களின் துவக்குக் குழல்களில் கார்னேஷன் பூ செருகியது. இரகசியப் பொலிஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள், மற்றபடி பெரிதாக இரத்தம் சிந்தவில்லை. அடுத்த ஆண்டுக்குள் அங்கோலாவும் மொசாம்பிக்கும் சுதந்திரம் பெற்றன.

2024ல் அதற்கு ஐம்பது வருடம். லிபர்டாட் அவென்யூ முழுக்கச் சிவப்பு. தாத்தாக்களின் தோளில் பேரப்பிள்ளைகள், எல்லார் கையிலும் பூ. நாங்கள் ஓரத்தில் ஒரு வாங்கில் இருந்தோம். அம்மாவின் வயதிலிருந்த ஒரு பெண் தன் கொத்திலிருந்து ஒரு பூவை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். நான் கதையைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"ஆமிக்காரரோ? பூவோடயோ?"

"ஓம் அம்மா. சண்டை பிடிக்க மாட்டம் எண்டு திரும்பினவை."

அம்மா அந்தப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்வலம் முடிந்து, சனம் கலைந்து, தெரு கூட்டுகிறவர்கள் வரும்வரை எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை. ஒரே ஊரில் ஏழு இரவு தங்கியதால் கிடைத்த நேரம் அது.

நடுவில் இன்னும் சில. ஓட்டுச்சித்திர அருங்காட்சியகத்தில் நிலநடுக்கத்துக்கு முந்திய லிஸ்பனை 23 மீற்றர் நீளத்துக்கு நீலத்தில் தீட்டியிருக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். காய்ஸ் டோ சொட்ரேயிலிருந்து ஆற்றின் மறுகரையிலுள்ள கசில்யாஷ் போகும் படகு பத்து நிமிடம்தான், மாலையில் ஏறினால் முழு ஊரும் பொன்னாகத் தெரியும். பக்கத்து ஊரான சிந்த்ராவுக்கு ஒருநாள் போதும். நாங்கள் போகவில்லை, அந்த நாளை வேறொன்றுக்கு வைத்திருந்தோம்.

தோர்ரெ டோ தோம்பு.

வழிகாட்டிப் புத்தகத்தில் அம்மா கண்டுபிடித்த பெயர் அது. தேசிய ஆவணக்காப்பகம். "தோம்பு எண்டு போட்டிருக்கு பிள்ளை" என்று விரலை வைத்துக் காட்டினார். தோம்பு என்றால் காணிப் பதிவேடு. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த சொல், ஒல்லாந்தர் அதையே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பழைய காணி உறுதிகளில் அந்தச் சொல் வரும். அம்மப்பா திண்ணையில் இருந்து உறுதியை வாசித்துக் காட்டும்போது அம்மா சின்ன வயதில் கேட்ட சொல்.

வலிகாமம் வடக்கில் இருந்த அந்தக் காணியை 1990ல் விட்டு ஓடிவந்தார்கள். உறுதிகள் இருந்த தகரப்பெட்டி 1995 ஒக்டோபரில், மழைக்குள், சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் தாண்டும்போது தொலைந்தது.

மெட்ரோவில் சிடாட் யூனிவர்சிடாரியா நிலையத்தில் இறங்கி நடந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கோட்டை போல யன்னல் குறைந்த பெரிய கற்கட்டடம், 1990ல் திறந்தது. முன்பு சாவோ ஜோர்ஜ் கோட்டையின் கோபுரம் ஒன்றில் 1378லிருந்து ஆவணங்கள் இருந்தன. அதனால்தான் பெயரில் கோபுரம். 1755ல் அது இடிந்தபோது இடிபாட்டிலிருந்து காகிதங்களை மீட்டவர், காப்பகத்தின் தலைவராகவும் இருந்த அந்த 78 வயது மானுவல் டா மாயா. ஊரைத் திரும்பக் கட்டுவதற்கு முதல் அவர் தோம்பைக் காப்பாற்றினார். 1494ல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் உலகத்தைக் கோடு போட்டுப் பங்கு பிரித்த ஒப்பந்தமும் உள்ளே இருக்கிறது.

வரவேற்பில் இருந்த இளம்பெண்ணிடம் நான் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அம்மா குறுக்கிட்டு, "தோம்பு," என்றார்.

"தோம்பு, சிம்," என்றாள் அவள். ஓம் என்கிறாள்.

அதே சொல், அதே ஓசை. அம்மா கைப்பையைத் திறந்து அந்தோனியார் கோயிலில் வாங்கிய படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"கேட்டுப்பார் பிள்ளை. எங்கட காணி எழுதின கொப்பி இஞ்ச கிடக்குமோ எண்டு."

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் எழுந்து, கதிரை ஒன்றை இழுத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டு, ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்று பேனையை எடுத்தாள்.